மெம்ஃபிஸில் பொரித்த கோழி: கஸ் கடைக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் சாப்பிட எங்கே போகலாம் என்று கேட்டால், பார்பிக்யூ என்றுதான் ஊரே கை காட்டும். பன்றிக் கறிக்குப் பேர்போன ஊர். நம் ஆட்களில் நிறையப் பேர் பன்றி சாப்பிடுவதில்லை, அதனால் நான் வேறு பக்கம் கை காட்டுவேன்: டவுன்டவுனில் சவுத் ஃபிரன்ட் ஸ்ட்ரீட், 310-ஆம் எண், கஸ்ஸஸ் வேர்ல்ட் ஃபேமஸ் ஃபிரைடு சிக்கன். நாங்கள் 'கஸ்' என்றே சொல்வோம்.

போவதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயத்தை மனதிலிருந்து அழித்துவிடுங்கள். கேஎஃப்சியின் அந்தச் சிவப்பு வெள்ளை வாளி. கவுன்ட்டரில் பணம் கட்டி, ஏற்கெனவே பொரித்து விளக்குச் சூட்டில் வைத்திருக்கும் துண்டை இரண்டே நிமிடத்தில் வாங்கிக்கொண்டு போகும் பழக்கம் இங்கே உதவாது. உட்கார வைப்பார்கள், ஆர்டர் எடுப்பார்கள், அதற்குப் பிறகுதான் கோழி எண்ணெயில் இறங்கும். முதல் தடவை போனபோது நான் பட்ட எல்லாக் குழப்பத்துக்கும் காரணம் இந்த ஒன்று தெரியாததுதான்.

கிளம்பும் முன்

பசியோடு போங்கள், ஆனால் உயிர் போகிற பசியில் போகாதீர்கள். கார் நிறுத்தி, வரிசையில் நின்று, கோழி வந்து சேர ஒரு மணி நேரம் ஆகலாம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருந்தால் கையில் ஒரு வாழைப்பழமாவது இருக்கட்டும்.

சனி, ஞாயிறு மதியமும் வெள்ளி இரவும் கூட்டம் அதிகம். ஃபெடெக்ஸ் ஃபோரமில் கிரிஸ்லீஸ் கூடைப்பந்து மேட்ச் இருக்கிற நாள் என்றால் டவுன்டவுன் முழுக்கவே நெரிசல்தான். நான் பெரும்பாலும் வார நாளில் மதியம் இரண்டரைக்கு மேல் போவேன். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்திருக்கும், ராத்திரிக் கூட்டம் இன்னும் வந்திருக்காது.

தெருவோர மீட்டரிலோ பணம் கட்டும் பார்க்கிங்கிலோ காரை விடலாம். மீட்டர் என்றால் சாப்பிடும் நேரத்தை மட்டும் கணக்குப் போடாமல் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கட்டுங்கள். பையையோ லேப்டாப்பையோ சீட்டில் கண்ணில் படும்படி வைத்துவிட்டு இறங்காதீர்கள். கண்ணாடியை உடைத்து எடுத்துப் போவது இந்த ஊர் டவுன்டவுனில் நடக்கிற விஷயம்.

முக்கியமான ஒன்று: இங்கே பொரிப்பது கடலை எண்ணெயில். நமக்கு அந்த வாசனை வீட்டு வாசனை, கதவைத் திறந்ததுமே தெரிந்துவிடும். ஆனால் கூட வருகிறவர்களில் யாருக்காவது வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால், வேண்டாம், வேறு கடைக்குப் போங்கள். அப்புறம், ஹலால் பார்த்துச் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இதே நாளில் லோரெய்ன் மோட்டலுக்கும் போகலாம். மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட இடம், இப்போது தேசிய சிவில் உரிமைகள் அருங்காட்சியகம், கடையிலிருந்து நடக்கிற தூரம்தான். முதலில் அதைப் பார்த்துவிட்டுப் பிறகு சாப்பிட வாருங்கள். ஒழுங்காகப் பார்க்க இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும். வயிறு நிறைந்த பிறகு அங்கே நடக்கவும் முடியாது, அங்கே பார்க்கிற விஷயங்களும் அப்படிப் பார்க்கக்கூடியவை இல்லை.

வாசலில்

முன்பதிவு கிடையாது. யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு முதலில் இடம். காலி மேசை தெரிகிறதே என்று நேராகப் போய் உட்காராதீர்கள், வாசலில் நிற்கிறவரிடம் எத்தனை பேர் என்று சொல்லிவிட்டு அவர் கூட்டிப் போகும்வரை நில்லுங்கள். பெயர் கேட்டால் முழுப் பெயரைச் சொல்லி அவரைச் சோதிக்க வேண்டாம். நான் எப்போதும் 'ராம்' என்றுதான் கொடுப்பேன். என் பெயருக்கும் ராமனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் சத்தத்துக்கு நடுவே கூப்பிட்டால் காதில் விழும்.

ஆறு பேர், எட்டுப் பேர் என்று போகிறீர்கள் என்றால் எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு உட்கார வைப்பதுதான் இந்த மாதிரிக் கடைகளில் வழக்கம். 'இதோ பார்க்கிங்கில் இருக்கான், வந்துருவான்' என்பது செல்லாது.

உள்ளே பகட்டு எதுவும் இல்லை. கட்டம் போட்ட மேசை விரிப்பு, தூக்கிப் போடுகிற தட்டு, பிளாஸ்டிக் முள்கரண்டி. கோட்டு சூட்டில் வந்தவரும் சிமென்ட் படிந்த பூட்ஸோடு வந்தவரும் அடுத்தடுத்த மேசையில் இருப்பார்கள். எது போட்டுக்கொண்டு போவது என்று யோசிக்க வேண்டாம், வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம்.

ஆர்டர் கொடுப்பது

உட்கார்ந்ததும் குடிக்க என்ன வேண்டும் என்று கேட்பார்கள். தண்ணீர் என்றால் காசு இல்லை, ஆனால் டம்ளர் முழுக்க ஐஸோடு வரும், வேண்டாம் என்றால் 'நோ ஐஸ்' என்று அப்போதே சொல்லிவிடுங்கள். 'ஸ்வீட் டீ' என்பது நம் டீ இல்லை. பால் கிடையாது, சூடு கிடையாது, சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கிய ஐஸ் டீ. தென் மாநிலங்களில் இது தண்ணீர் மாதிரி ஓடும், டம்ளர் காலியானால் கேட்காமலே ஊற்றிவிட்டுப் போவார்கள். அவ்வளவு இனிப்பு தாங்காது என்றால் 'ஹாஃப் அண்ட் ஹாஃப்' என்று கேளுங்கள், சர்க்கரை போட்டதும் போடாததும் பாதிப் பாதி கலந்து தருவார்கள். பீர் கேட்டால் 21 வயது ஆனதற்கு அடையாள அட்டை கேட்பார்கள். அமெரிக்க லைசென்ஸ் இல்லாத பெற்றோர், விருந்தாளிகள் என்றால் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், நரைத்த தலையைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள்.

இப்போது கோழி. மெனு அட்டையில் இரண்டு சொற்கள்தான் புதியவர்களைத் தடுக்கி விழ வைக்கும்: 'டார்க்', 'ஒயிட்'. டார்க் என்றால் காலும் தொடையும். ஒயிட் என்றால் நெஞ்சும் இறக்கையும். நிறத்தைப் பற்றிய பேச்சு இது, சமைத்த பிறகு காலும் தொடையும் கொஞ்சம் கருத்து நிற்கும், நெஞ்சுக்கறி வெளுத்திருக்கும். இன்னொரு குழப்பமும் உண்டு. நம் ஊரில் லெக் பீஸ் என்றால் பெரும்பாலும் தொடையோடு சேர்த்த முழுக் காலை நினைப்போம். இங்கே 'லெக்' என்றால் கீழ்ப்பகுதி மட்டும், தொடைக்குத் தனியாக 'தை' என்று பெயர். லெக் ஒன்று கேட்டுவிட்டு, சின்னதாக வந்திருக்கிறதே என்று முழிக்காதீர்கள்.

'பிளேட்' என்று கேட்டால் கோழியோடு பேக்டு பீன்ஸ், கோல்ஸ்லா, ஒரு துண்டு வெள்ளை பிரெட் எல்லாம் சேர்ந்து வரும். முதல் தடவைக்கு என் சிபாரிசு இரண்டு துண்டு டார்க் பிளேட். தொடையில் கொழுப்பு அதிகம், எண்ணெயில் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடந்தாலும் சாறு சீக்கிரம் வற்றாது, மசாலாவும் அதில்தான் நன்றாக ஏறுகிறது என்பது என் நாக்கின் தீர்ப்பு. நெஞ்சுத் துண்டு இங்கே கைக்கு அடங்காத அளவில் வரும், அது பிடிக்கும் என்கிறவர்கள் தாராளமாக ஒயிட் வாங்கலாம். இரண்டு பேர் போனால் அரைக் கோழி பிளேட் ஒன்று வாங்கி, நான்கு வகைத் துண்டையும் பார்த்துவிடுவது கெட்டிக்காரத்தனம். எலும்பே ஆகாத பிள்ளைகளுக்கு டெண்டர்ஸ், எலும்பில்லாத நீளத் துண்டுகள்.

காரம் எவ்வளவு வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் கோழி ஒரே வகைதான். நாஷ்வில் ஹாட் சிக்கன் சாப்பிட்டவர்கள் இதையும் அதையும் குழப்பிக்கொள்வார்கள். நாஷ்வில்லில் பொரித்து எடுத்த பிறகு மேலே கேயன் மிளகாய்ப் பொடி கலந்த கொழுப்பைப் பூசுவார்கள், மைல்டிலிருந்து கண்ணீர் வரும்வரை படிப்படியாக உண்டு. கஸ்ஸில் காரம் மாவிலேயே இருக்கிறது. மேல்தோல் மெல்லியது, முறுமுறுவென்று கறியோடு ஒட்டிப் பிடித்திருக்கும். முதல் கடியில் ஒன்றும் தெரியாது, மூன்றாவது கடியில் தொண்டையில் மெதுவாக ஏறும். மிளகாய் பஜ்ஜி தின்று வளர்ந்தவனுக்கு இது ஒரு பெரிய காரமே இல்லை, ஆனால் அலுவலக வெள்ளைக்கார நண்பர் முகம் சிவப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கோழி வரும்வரை கொறிக்க ஏதாவது ஒன்று சொல்லுங்கள், ஒன்றுதான், இரண்டு வேண்டாம். பொரித்த பச்சைத் தக்காளி இருக்கிறது, பொரித்த ஊறுகாய் வெள்ளரி இருக்கிறது. நம்மில் முக்கால்வாசிப் பேர் முதலில் வாயை மூடிக்கொண்டு சிரிப்பதும் கடைசியில் தட்டைக் காலி செய்வதும் இந்த வெள்ளரியைத்தான். பொரித்த வெண்டைக்காய் பக்கத்து உணவாகக் கிடைக்கும். வெண்டைக்காயை இங்கே 'ஓக்ரா' என்பார்கள், மேற்கு ஆப்பிரிக்காவின் இக்போ மொழியிலிருந்து வந்த சொல் அது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த காய், நம் வீட்டு வறுவலுக்குத் தூரத்துச் சொந்தம் போல இங்கே தட்டில் உட்கார்ந்திருக்கும்.

கூட வருகிறவர் சைவமா? சங்கடம்தான். காய்களும் கோழி பொரிக்கிற எண்ணெயிலேயே பொரிக்கப்படலாம். பீன்ஸிலும் கீரையிலும் பன்றிக் கறித் துண்டு போட்டு வேகவைப்பது தென் மாநிலங்களில் சாதாரணம். கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள், 'மீட் இருக்கிறதா' என்று பொதுவாகக் கேட்காமல் 'பன்றி இருக்கிறதா, எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள்' என்று பிரித்துக் கேளுங்கள்.

தனித்தனி பில் வேண்டுமென்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். சாப்பிட்டு முடித்துவிட்டு எட்டுப் பேர் கணக்கைப் பிரிக்கச் சொன்னால் பரிமாறுகிறவருக்குத் தலைவலி.

காத்திருக்கும் நேரம்

இருபது நிமிடம், சில நாள் அரை மணி. எலும்போடு இருக்கிற கோழியை அவசரமாகப் பொரிக்க முடியாது. எண்ணெய் அதிகமாகக் காய்ந்தால் மேலே கருகி உள்ளே பச்சையாக நிற்கும், எனவே மிதமான சூட்டில் பொறுமையாகத்தான் வேக வேண்டும், உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 டிகிரி செல்சியஸ் வந்தால்தான் வெந்ததாகக் கணக்கு. வெந்த பிறகும் எலும்பை ஒட்டி லேசான சிவப்பு தெரியலாம், இளங்கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து வருகிற நிறம் அது, அதைப் பார்த்ததுமே பச்சை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இந்த அரை மணியில் கடையின் கதையைத் தெரிந்துகொள்ளலாம். கஸ் பிறந்த இடம் மெம்ஃபிஸ் இல்லை, இங்கிருந்து வடகிழக்கே சுமார் 40 மைல் தள்ளி இருக்கும் மேசன் என்ற சின்ன ஊர். நிறவெறிச் சட்டங்கள் அமலில் இருந்த 1950-களில் நெப்போலியன் வாண்டர்பில்ட் என்ற கறுப்பினத்தவரும் அவர் மனைவி மேகியும் ஒரு மதுக்கடையின் பின்வாசல் வழியாக, பொரித்த கோழியை இரண்டு பிரெட் துண்டுக்கு நடுவே வைத்து விற்க ஆரம்பித்தார்கள். 1973-இல் சொந்தமாக ஒரு சின்னக் கடை எழும்பியது. அவர்கள் காலத்துக்குப் பிறகு 1984-இல் மகன் வெர்னான் 'கஸ்' அதைத் தன் பெயரில் திரும்பத் திறந்தார். மெம்ஃபிஸ் டவுன்டவுன் கிளை 2001-இல் வந்தது, பிறகு பல மாநிலங்களுக்கும் போய்விட்டது. லோரெய்ன் மோட்டலைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்த அன்று, தட்டில் இருந்த அந்த ஒரு துண்டு வெள்ளை பிரெட்டை நான் வேறு மாதிரிப் பார்த்தேன்.

கோழி வந்ததும்

உடனே கடிக்காதீர்கள். எண்ணெயிலிருந்து நேராக வருகிறது, தோலுக்கு அடியில் கொதிக்கிற சாறு நிற்கும், உதடு வெந்துவிடும். நான் அனுபவஸ்தன். மூன்று நான்கு நிமிடம் விடுங்கள், அந்த நேரத்தில் கோல்ஸ்லாவைச் சாப்பிடுங்கள். முட்டைகோஸை நறுக்கிச் செய்த சில்லென்ற பச்சடி என்று வைத்துக்கொள்ளுங்கள். காரத்துக்கு நடுநடுவே இதுதான் தயிர் செய்கிற வேலையைச் செய்யும், அதனால் முழுவதையும் ஆரம்பத்திலேயே முடித்துவிடாதீர்கள்.

பீன்ஸ் இனிக்கும். இதை முன்னாடியே சொல்லிவிட வேண்டும். அம்மா முதல் தடவை வந்தபோது ஒரு ஸ்பூன் வாயில் வைத்துவிட்டு, 'ஏண்டா, பயறுல வெல்லத்தைக் கொட்டிட்டாங்களாடா' என்றாள். 'அது அப்படித்தாம்மா, கோழியோட சேத்துச் சாப்பிடு' என்றேன். காரக் கோழி ஒரு கடி, பீன்ஸ் அரை ஸ்பூன் என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டபோது அவளுக்கும் பிடிபட்டது. தனியாகச் சாப்பிட்டால் எனக்கே இன்றுவரை பிடிக்கவில்லை.

கையால் சாப்பிடுங்கள். முள்கரண்டி பீன்ஸுக்கு மட்டும். சுற்றிப் பார்த்தால் எல்லோரும் இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருப்பார்கள், இடது கையைப் பற்றி இங்கே யாருக்கும் கவலை இல்லை. தொடையை எடுத்து, தோலும் கறியும் சேர்ந்து வரும்படி கடிக்க வேண்டும். தோலை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு வெறும் கறியை மிச்சம் வைப்பவர்கள் இருக்கிறார்கள், என் மகன் உட்பட, அவர்களைத் திருத்த முடியாது. மேசையில் இருக்கும் ஹாட் சாஸ் வினிகர் புளிப்போடு இருக்கும், முதல் துண்டை அது இல்லாமல் சாப்பிட்டுப் பாருங்கள்.

பிரெட்டைக் கடைசிவரை தொடாதீர்கள். கோழிக்கு அடியிலோ ஓரத்திலோ கிடந்து எண்ணெயும் மசாலாவும் ஊறிப் போயிருக்கும். தட்டில் உதிர்ந்த மொறுமொறுப்புத் தூளை எல்லாம் வழித்து அதில் வைத்து மடித்து ஒரே வாய். கறிக் குழம்பு வைத்த சட்டியில் கடைசியாகச் சோற்றைப் போட்டுப் பிசைந்து தின்கிற சுகம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனிப்புக்கு இடம் இருந்தால் 'செஸ் பை' (pie), மாவு ஓட்டுக்குள் பூரணம் வைத்துச் சுட்ட பண்டம். பூரணத்தில் முட்டை, வெண்ணெய், சர்க்கரை, கொஞ்சம் சோளமாவு, அவ்வளவுதான் சமாசாரம், ஆனால் ஒரு துண்டை நான்கு பேர் பங்கு போட்டால் போதும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு பையும் உண்டு, பெரியவர்களுக்கு அதுதான் பிடிக்கிறது.

பில்

மெனுவில் இருக்கும் விலை நீங்கள் கட்டப்போகும் விலை இல்லை. மெம்ஃபிஸில் விற்பனை வரி 9.75 சதவீதம், அதற்கு மேல் டிப்ஸ். 20 டாலருக்குச் சாப்பிட்டால் வரி 1.95, இருபது சதவீதம் டிப்ஸ் 4 டாலர், ஆக மொத்தம் 25.95. மனக்கணக்கில் முப்பது சதவீதம் கூட்டிக்கொண்டு ஆர்டர் கொடுத்தால் கடைசியில் அதிர்ச்சி இருக்காது.

டிப்ஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். டென்னசிக்கென்று தனிக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இல்லை. மத்திய சட்டப்படி, டிப்ஸ் வாங்குகிற ஊழியருக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டியது மணிக்கு 2.13 டாலர்தான், 1991-லிருந்து அதே தொகை. டிப்ஸோடு சேர்த்தும் 7.25 டாலர் வராவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்பது விதி. உங்கள் டம்ளரை நாலு தடவை நிரப்பிய அக்காவின் சம்பளத்தில் பெரும்பகுதி உங்கள் மேசையிலிருந்துதான் போகிறது.

கார்டு கொடுத்தால் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள், பதறாதீர்கள், இங்கே வழக்கம் அது. இரண்டு சீட்டோடு திரும்பி வருவார்கள். ஒன்றில் டிப்ஸ் தொகையையும் கூட்டுத்தொகையையும் எழுதி, கையெழுத்துப் போட்டு மேசையிலேயே வைத்துவிட்டு, மற்றதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். கும்பலாகப் போயிருந்தால் எழுதும் முன் பில்லை ஒரு தடவை மேலிருந்து கீழே படியுங்கள். பெரிய குழுக்களுக்கு டிப்ஸை முன்கூட்டியே சேர்த்து அச்சடிக்கும் பழக்கம் அமெரிக்க உணவகங்களில் உண்டு. எங்கோ ஒரு கடையில் பத்துப் பேருக்கு நான் இரண்டு தடவை டிப்ஸ் கொடுத்துவிட்டு வந்தது கார்டு ஸ்டேட்மென்ட் வந்த பிறகுதான் தெரிந்தது.

அப்புறம்

மேற்கே இறங்கினால் மிசிசிப்பி ஆறு. கரையில் டாம் லீ பார்க். 1925-இல் கவிழ்ந்த நீராவிக் கப்பலிலிருந்து 32 பேரைத் தன் சின்னப் படகில் ஏற்றிக் காப்பாற்றிய கறுப்பினத் தொழிலாளி டாம் லீ, அவருக்கு நீச்சலே தெரியாது. வெயில் தாழ்ந்த நேரம் என்றால் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். ஆனால் கையில் மிச்சக் கோழிப் பெட்டி இருந்தால் அதைக் காரில் போட்டுவிட்டு ஊர் சுற்றாதீர்கள். வெளியே வைத்தால் இரண்டு மணி நேரம்தான் கெடு. கோடை வெயிலில் நிற்கிற காருக்குள் ஒரு மணி நேரமே அதிகம்.

வீட்டுக்குப் போனதும் பெட்டியை அப்படியே மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் தோல் நமுத்துப் போகும். ஆறிய பிறகு துண்டுகளை டிஷ்யூ பேப்பர் விரித்த டப்பாவில் மாற்றி வையுங்கள். மறுநாள் சூடாக்க மைக்ரோவேவ் பக்கம் போகாதீர்கள், ஓவனில் 375 டிகிரி ஃபாரன்ஹீட்டில் கம்பித் தட்டின் மேல் வைத்துப் பதினைந்து இருபது நிமிடம், ஏர் ஃபிரையர் இருந்தால் அதில் பாதி நேரம். எங்கள் வீட்டில் அதற்குத் தொட்டுக்கொள்ள முந்தின நாள் ரசமும் சோறும்தான்.